கேஸ் இன்ஜினியருக்கு இல்லாத அதிகாரம்

பிரிட்டனில் வாடகை வீட்டில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் கேஸ் பாதுகாப்புச் சோதனைக்கு வந்தவர், வீட்டைச் சூடாக்கும் பாய்லரில் எச்சரிக்கை அட்டையை மாட்டிவிட்டுப் போனால், அரசாங்கமே வந்து பார்த்துவிட்டது, மிச்சத்தை அவர்கள் கவனித்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுகிறார்கள். அப்படி யாரும் வரமாட்டார்கள்.

வந்தவர் 'கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்' என்ற, கேஸ் வேலை செய்யத் தகுதி பெற்றவர்களின் பட்டியலில் பதிவு பெற்ற இன்ஜினியர். தொழில் செய்பவர், அதிகாரி அல்ல. 'உடனடி ஆபத்து' என்று அவரே எழுதிக்கொடுத்தாலும், உங்கள் சம்மதம் இருந்தால்தான் இணைப்பைத் துண்டிக்கலாம். நீங்கள் மறுத்தால் அவர் 0800 111 999 என்ற அவசர எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும். கட்டாயமாகத் துண்டிக்கும் உரிமை, 1996ஆம் ஆண்டு நுழைவுரிமை விதிகளின்படி, குழாய்வழி எரிவாயு கொண்டுவரும் நெட்வொர்க் நிறுவனத்துக்குத்தான் உண்டு.

இது சரியான ஏற்பாடு என்பதே என் கருத்து. பழுது பார்த்துக் காசு வாங்குபவர் கையில் அரசு அதிகாரத்தையும் கொடுப்பது நல்லதல்ல. ஆனால் அந்த அட்டையை வெறும் ஆலோசனையாக நினைக்கக் கூடாது. ஆபத்து என்று தெரிந்தும், ஏன், சந்தேகிக்கக் காரணம் இருந்தும்கூட, அந்தச் சாதனத்தைப் பயன்படுத்துவதை 1998ஆம் ஆண்டு கேஸ் பாதுகாப்பு விதிகளின் 34ஆம் விதி தடை செய்கிறது. "எனக்குத் தெரியாது" என்று அதன்பிறகு சொல்ல முடியாது.

உண்மையான இன்ஸ்பெக்டர் வேறு ஆள். வீடுகளுக்கு எச்.எஸ்.இ. எனப்படும் சுகாதார, பாதுகாப்பு ஆணையம். உணவகங்களுக்கும் கடைகளுக்கும் பெரும்பாலும் உள்ளூர் கவுன்சில். 1974ஆம் ஆண்டுப் பணியிடச் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இவர்களுக்குக் கொடுப்பது பெரிய அதிகாரம். நியாயமான எந்த நேரத்திலும் உள்ளே வரலாம், ஆபத்து என்று கருதினால் நடுராத்திரியிலும் வரலாம். நீதிமன்ற வாரண்ட் தேவையில்லை. கேட்டால் தன் நியமனப் பத்திரத்தைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். படம் எடுக்கலாம், ஆவணங்களை நகலெடுக்கலாம், ஆபத்தான சாதனத்தைப் பிரித்துச் சோதிக்கலாம், எடுத்துச் செல்லலாம். பிரிப்பதை உங்கள் கண்முன் செய்யச் சொல்லிக் கேட்க உங்களுக்கும் உரிமை உண்டு. கேள்வி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும், ஆனால் உங்களுக்கு வேண்டிய ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளலாம். அப்படிக் கட்டாயத்தின் பேரில் சொன்ன பதிலை உங்கள்மீதான வழக்கில் சாட்சியமாக்க முடியாது. இந்தப் பாதுகாப்பு தெரியாமல்தான் பலர் பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள்.

உணவகச் சமையலறையை எடுத்துக்கொள்ளுங்கள். புகை உறிஞ்சும் ஃபேன் ஓடினால்தான் கேஸ் வரும்படி ஒரு இன்டர்லாக் இருக்கும். ஃபேன் பழுதானதும் வியாபாரம் நிற்கக் கூடாது என்று ஃபேன் ஓடுகிறதா என்று உணரும் காற்றழுத்த சுவிட்சின் இரண்டு வயர்களையும் நேராக இணைத்துவிடுவார்கள். அடுப்பு எரியும். பர்னர்களிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வெளியேற வழியில்லாமல் அறைக்குள்ளேயே சேரும். இதற்கு வாசனையே கிடையாது. தலைவலியை அடுப்புச் சூடு என்றே நினைத்துக்கொண்டு வேலை பார்ப்பார்கள்.

இதைக் கண்ட அதிகாரி, பயன்பாட்டை நிறுத்தச் சொல்லும் தடை நோட்டீஸ் கொடுத்தால் அந்த நிமிடமே அடுப்பை அணைக்க வேண்டியிருக்கும். 21 நாட்களுக்குள் எம்ப்ளாய்மெண்ட் ட்ரிப்யூனல் எனப்படும் தொழில் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் ட்ரிப்யூனல் நிறுத்திவைக்காதவரை தடை தொடரும். மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறையும் வரம்பில்லாத அபராதமும் விதிக்கலாம். குறையைச் சரிசெய்யக் கெடு கொடுக்கும் திருத்த நோட்டீஸ் அப்படியல்ல, மேல்முறையீடு செய்தாலே அது நின்றுவிடும். இரண்டும் ஒன்று என்று நினைத்து மறுநாள் கடையைத் திறப்பது பெரும் தப்பு.

இத்தனை அதிகாரமும் யாராவது தகவல் சொன்னால்தான் வேலை செய்யும். அபாயமான சாதனத்தைக் கண்ட இன்ஜினியர் 14 நாட்களுக்குள் எச்.எஸ்.இ.க்கு அறிக்கை அனுப்பச் சட்டம் சொல்கிறது. குடியிருப்பவர் அதுவரை காத்திருக்க வேண்டாம். சோதனைச் சான்றின் நகலைச் சோதனை முடிந்த 28 நாட்களுக்குள் வீட்டு உரிமையாளர் தர வேண்டும், புதிதாகக் குடிபோகிறவருக்குக் குடிபோகும் முன்பே. வரவில்லையென்றால் எழுத்தில் கேளுங்கள், பதில் இல்லையென்றால் எச்.எஸ்.இ.யிடம் புகார் கொடுங்கள். பாய்லரைச் சுற்றிக் கரி படிந்தாலோ, நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாகத் தளர்ந்து எரிந்தாலோ, புகாருக்குக்கூடக் காத்திருக்காதீர்கள். அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 0800 111 999ஐ அழையுங்கள்.