தடைக்காலத்தின் 61 இரவுகள்

மனசு நன்றாக இருக்க வாழ்க்கைமுறையை மாற்றச் சொல்லி வரும் குறிப்புகள் எல்லாம் ஆபீஸ் போய் வருகிறவர்களுக்கு எழுதியவை. ராமேஸ்வரம் தீவின் மீனவ ஊர்களான பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் அந்த அட்டவணை எத்தனை வீட்டில் இருக்கிறது? மீன்வளத்துறையிடம் அனுமதி டோக்கன் வாங்கிக் காலையில் கிளம்பும் விசைப்படகு மறுநாள் காலைதான் கரை சேரும். ராத்திரி முழுக்க வலை இழுப்பவரிடம் பத்து மணிக்குப் படுக்கச் சொல்லி என்ன பயன்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தை நான் பெரிதாக நினைப்பது இதனால்தான். விசைப்படகுத் தொழிலாளிக்கு இத்தனை இரவு தொடர்ந்து வீட்டில் படுக்கக் கிடைப்பது அப்போதுதான். நடப்பதோ வேறு. வருமானம் நின்ற கவலையில் இரவு இரண்டு மணி வரை போன், காலை பத்து வரை தூக்கம், பொழுது சாய்ந்தால் குடி. ஒரு மாதத்துக்குள் எரிச்சல், அசதி, வீட்டில் சண்டை.

ஒன்றை மட்டும் மாற்றுவதென்றால் எழும் நேரத்தை மாற்றுங்கள். தூக்கத்தை அதட்டி வரவழைக்க முடியாது. எழுவது நம் கையில் இருக்கிறது. 5.30 என்றால் ஞாயிற்றுக்கிழமையும் 5.30. விடிந்ததும் அரை மணி நேரம் வெட்டவெளியில் இருங்கள். வலை பொத்துவதோ படகுக்குப் பெயிண்ட் அடிப்பதோ போதும், தனியாக வாக்கிங் வேண்டாம். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்பின் கடிகாரம் நாளைத் தொடங்கும். சுமார் 15 மணி நேரம் கழித்துக் கண் தானாகச் சொக்கும்.

பெரும்பாலும் இது மூன்றாம் நாள் உடைகிறது. முந்தின இரவு தூக்கம் வராததை ஈடுகட்ட மதியம் மூன்று மணி நேரம் படுத்துவிடுவார்கள், அன்றிரவும் போச்சு. மதியத் தூக்கம் 20, 30 நிமிடம், அதுவும் மூன்று மணிக்கு முன். கடைசி டீ இரண்டு மணிக்கு. குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் அதிலுள்ள காஃபினில் பாதி உடம்பில் இருக்கும். படுத்து 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து திண்ணையில் உட்காருங்கள், போனைத் தொடாமல். இந்தப் பழக்கம் படிய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

குடித்தால் சீக்கிரம் தூங்கலாம், உண்மைதான். பின்னிரவில் அதுவே எழுப்பிவிடும். ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தவே கூடாது. கை நடுக்கமும் வியர்வையும் முதலில் வரும், இரண்டு நாளுக்குள் வலிப்பே வரலாம். நடுக்கடலில் வந்தால் யார் காப்பாற்றுவது? டாக்டர் தரும் மாத்திரையின் துணையோடு குடியை நிறுத்துங்கள்.

மீன் வாங்கி விற்க மூன்று மணிக்கே எழும் பெண்களின் தூக்கத்தை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. எனக்கு ஆறாத வருத்தம் இது. தடைக்காலத்தில் தண்ணீர் பிடிப்பதையும் காலை அடுப்பையும் ஆண்கள் ஏற்றால் அந்தப் பெண்களுக்கு ஒரு மணி நேரமாவது கூடுதல் தூக்கம் கிடைக்கும்.

மனம் சில காலம் அளவுக்கு மீறிக் கிளர்ந்தும் சில காலம் சோர்ந்தும் போகும் இருதுருவ மனநோய் (பைபோலார்) உள்ளவருக்கு ஒரு இரவு கண்விழிப்பே நோயைக் கிளப்பிவிடலாம். இரவுத் தொழிலுக்கு அனுப்பாதீர்கள். இந்த நோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் இந்த வெயிலில் தண்ணீரையும் உப்பையும் திடீரென்று குறைக்கக் கூடாது, வலி மாத்திரையை டாக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது. வாந்தி, பேதி, கை நடுக்கம், தள்ளாட்டம் என்றால் உடனே ஆஸ்பத்திரி. ஏர்வாடி தர்காவில் துஆ செய்யுங்கள், மாத்திரையும் தொடரட்டும். நோன்பு வைப்பதென்றால் மாத்திரை நேரத்தை முன்கூட்டியே டாக்டரிடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் விடாமல் மனம் சோர்ந்திருந்தால் தூக்கத்தைச் சரிசெய்வது மட்டும் போதாது, சிகிச்சை வேண்டும். சாவு நினைப்பு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம்: அரசின் மனநல உதவி எண் 14416, இரவும் பகலும் இலவசம், தமிழில் பேசலாம்.

ஜூன் 15க்குப் பிறகு கடலுக்குப் போய் வந்த அன்று, மீன் இறக்கியதும் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் தூங்குங்கள். அலாரம் வைத்து எழுந்து மிச்சத் தூக்கத்தை ராத்திரிக்கு வையுங்கள்.