ஜன்னலா, மேஜையா?

அந்தப் புகைப்படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். ஜெர்மனியின் கீல் நகரம், 1931 டிசம்பர். ஜன்னல் விளிம்பில் யூதர்களின் எட்டு நாள் திருவிழாவான ஹனுக்காவின் விளக்கு. எதிர்க் கட்டிடத்தில் நாஜிகளின் ஸ்வஸ்திகா கொடி. எடுத்தவர் அவ்வூர் ரப்பியின் (யூத மதகுருவின்) மனைவி ரேச்சல் போஸ்னர். படத்தின் பின்புறம் எழுதியும் வைத்தார்: யூதா (யூத இனம்) ஒழிக என்கிறது கொடி, யூதா என்றும் வாழும் என்று பதில் சொல்கிறது விளக்கு. ஜெர்மன் மொழியில் இது இயைபோடு ஒலிக்கும்.

படத்தைப் பகிர்கிறவர்கள் இந்த வரிகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். 1933இல் அக்குடும்பம் ஜெர்மனியை விட்டே கிளம்பிவிட்டது. சபையாரையும் போய்விடச் சொன்னார் ரப்பி. 'என்றும் வாழும்' என்று எழுதிய வீடுதான் மூட்டை கட்டியது.

இதை முரண் என்பவர்கள் பைபிளில் வரும் எரேமியா தீர்க்கதரிசியைப் படிக்கலாம். பாபிலோன் படை எருசலேமை வளைத்து நிற்கிறது. நகரம் விழும் என்று சொன்னதற்காக அவர் காவலில் கிடக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் உறவினரின் நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார்! சாட்சி வைத்து, வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து, பத்திரம் நெடுநாள் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். (எந்தத் தரகரும் தலையில் அடித்துக்கொள்வார்.) ஆனால் நகரம் தப்பிவிடும் என்று அவர் யாரையும் ஏமாற்றவில்லை. மண்பாண்டம் எதற்கு? காத்திருப்பு நீளும் என்று தெரிந்ததால்தான்.

2018இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர யூத ஜெபாலயத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டு யோம் கிப்பூர் என்ற யூத நோன்பு நாளன்று ஜெர்மனியின் ஹாலே நகரில் ஜெபாலயக் கதவு தாக்குப்பிடித்ததால் உள்ளிருந்தவர்கள் பிழைத்தார்கள். வெளியே இருவர் பலியானார்கள். கிப்பாவுடன் (யூத ஆண்கள் அணியும் சிறு தொப்பி) தெருவில் இறங்கலாமா என்று யோசிப்பவர்களிடம், தூரத்தில் உட்கார்ந்துகொண்டு "அஞ்சாதே" என்று உபதேசிப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத் அப்படி உபதேசிக்கவில்லை. ஹனுக்கா விளக்கை வாசலுக்கு வெளியே வை, மாடியில் குடியிருந்தால் ஜன்னலில் வை என்கிறது. ஆபத்துக் காலமா? மேஜைமேல் வை, போதும். உயிரைக் கொடுத்தாவது வாசலில் வை என்று கேட்கவில்லை. ஏற்றாமல் இரு என்றும் சொல்லவில்லை. முதல் இரவு ஒன்று, பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டு என்பது ஹில்லேல் என்ற பழைய யூத அறிஞரின் பள்ளி சொன்ன முறை. மேஜைக்கு வந்துவிட்டாலும் எட்டாம் இரவு எட்டுதான்.

அந்தக் கீல் விளக்கு இன்று எருசலேமில், யூதப் படுகொலை நினைவகமான யாத் வஷேமின் காட்சியகத்தில் இருக்கிறது. ஹனுக்கா வந்தால் குடும்பத்தார் வாங்கிச் சென்று ஏற்றுகிறார்கள். 2022 டிசம்பரில் பெர்லினுக்கே கொண்டுபோய், ஜெர்மன் குடியரசுத் தலைவரின் மாளிகையில் ஏற்றினார்கள்.