கரையில் ஒரு கால்

கடல் மீட்பு பற்றிய ஒலிநூல்களும் கிறிஸ்தவ இறையியல் ஒலிநூல்களும் என் போனில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். முதலாவதைக் கேட்காதவர்கள் இரண்டாவதைப் பாதிதான் கேட்கிறார்கள் என்பது என் கட்சி.

இறையியல் காதில் ஏறாது, பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படிக்கவேண்டியது என்பார்கள். சுவிட்சர்லாந்து இறையியலாளர் கார்ல் பார்த்தின் பெருந்தொகுதிகள் என்றால் ஒத்துக்கொள்கிறேன். பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக ஓடும் அந்த இடைக்குறிப்புகளைப் பேருந்தில் கேட்டுத் தேறியவர் யாரும் இருக்கமாட்டார்கள். ஆனால் கிறிஸ்தவ நம்பிக்கையை எளிமையாக விளக்கிய ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் அப்படியில்லை. ‘மியர் கிறிஸ்டியானிட்டி’ 1952-இல் நூலாக வருவதற்கு முன்பே, போர்க்காலத்தில், 1941 முதல் 1944 வரை பிபிசி வானொலியில் ஒலித்த பேச்சு அது. ‘தி ஃபோர் லவ்ஸ்’ கதையும் அதுதான். 1958-இல் அமெரிக்க வானொலிக்காக அவரே பேசிப் பதிவுசெய்தார், நூல் 1960-இல் வந்தது. இவற்றைக் காதால் கேட்பது குறுக்குவழி என்று யாராவது சொன்னால் சிரிப்புதான் வருகிறது.

இனி மீட்புக் கதை. அதே 1952, பிப்ரவரி 18. அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் கேப் காட் கடலோரம், பனிப்புயல். ‘பெண்டில்டன்’, ‘ஃபோர்ட் மெர்சர்’ என்று இரண்டு டி-2 ரக எண்ணெய்க் கப்பல்கள் ஒரே நாளில் இரண்டிரண்டு துண்டாக உடைந்தன. குளிரில் நொறுங்கும் எஃகில் அவசரமாகக் கட்டிய போர்க்காலக் கப்பல்கள் அவை. பெண்டில்டனின் பின்பாதியில் 33 பேர். அவர்களைத் தேடி சாத்தம் கடலோரக் காவல் நிலையத்திலிருந்து 36 அடி மரப்படகில் நான்கு பேர் கிளம்பினார்கள்: படகை ஓட்டிய பெர்னார்ட் வெப்பர், ஆண்ட்ரூ ஃபிட்ஸ்ஜெரால்ட், ரிச்சர்ட் லிவ்சி, எர்வின் மாஸ்கி.

துறைமுக வாயிலில் ஒரு மணல்திட்டு. அலை அங்கேதான் உடையும். அதை நெருங்கும்போது நால்வரும் இருட்டில் பாடினார்கள். ஒன்று அப்போது வானொலியில் பிரபலமாக இருந்த காதல் பாட்டு. இன்னொன்று நம் சபைப் பாட்டுப் புத்தகமான பாமாலையில் ‘பிளவுண்ட மலையே, புகலிடம் ஈயுமே’ என்று இருக்கிறதே, அதன் ஆங்கில மூலம். எங்கள் ஊரில் துக்க வீட்டில் மட்டுமே பாடக்கேட்ட பாட்டு. அதை உயிரோடிருப்பவர்கள் அலைக்குள் நுழைவதற்காகப் பாடியதைக் கேட்டபோது ஒலிநூலை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அலை முன்கண்ணாடியை உடைத்தது, திசைகாட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனது. எஞ்சின் நின்றுபோக, ஃபிட்ஸ்ஜெரால்ட் அந்தச் சின்ன அறைக்குள் தவழ்ந்து போய், சூட்டில் தோல் வெந்தபடியே மறுபடி ஓடவைத்தார். கடைசியில் உடைந்த கப்பலைக் கண்டுபிடித்தார்கள். மேலே இருந்தவர்கள் கயிற்றேணியில் இறங்கினார்கள். கப்பல்காரர்கள் அதை ‘யாக்கோபின் ஏணி’ என்பார்கள், பைபிளில் வரும் அந்தப் பெயர் நான் சேர்த்ததில்லை. ஒரு டஜன் பேரை ஏற்றவே திணறும் படகில், கடைசியில் 36 அடிக்கு 36 பேர்.

இதைக் கேட்டுவிட்டு லூயிஸிடம் திரும்புங்கள். இயேசு மனிதரை மீட்பதைப் பற்றி அவர் ஓர் உவமை சொல்கிறார். வேகமான ஆற்றில் நான் மூழ்கிக்கொண்டிருக்கிறேன். கரையில் ஒரு கால் ஊன்றியிருப்பவர் கை நீட்டுகிறார். ‘உனக்குக் கரை இருக்கிறது, இது நியாயமில்லை’ என்று நான் அவரிடம் சண்டை பிடிப்பேனா? கேட்கும்போது மடக்கிவிட்டதுபோல்தான் இருக்கும். ஆனால் வெப்பருக்குக் கரையில் கால் எங்கே இருந்தது? திசைகாட்டிகூட இல்லை. கடலோரக் காவல்படையில் பழைய வழக்கு ஒன்று உண்டு: போயே ஆகவேண்டும், திரும்பி வரவேண்டும் என்று கட்டாயமில்லை. வார்த்தை மாம்சமானார், அதாவது கடவுளே மனிதராகப் பிறந்தார் என்று நம்புகிறவர்களுக்கு லூயிஸின் கரைக்காரரைவிட இந்தப் படகுக்காரர்தான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. கையை மட்டும் நீட்டினால் போதும் என்றால் பெத்லகேம் எதற்கு?

பழையவர்களும் கடலை வைத்தே பேசியிருக்கிறார்கள். கப்பல் உடைந்தவன் ஒரு பலகையைப் பற்றிக்கொள்வதுபோல மனந்திரும்புதலைப் பற்றிக்கொள் என்றார் கார்த்தேஜ் துறைமுகத்து தெர்த்துல்லியன், ஆதித் திருச்சபையின் எழுத்தாளர். இந்தப் பலகைக் கதையைச் சீர்திருத்தத் தலைவர் லூத்தர் ஏற்கவில்லை. ஞானஸ்நானம் என்ற கப்பல் உடையவே உடையாது, விழுந்தவன் நீந்தி வந்து மறுபடி ஏறிக்கொள்ளட்டும் என்றார். அறுபதடி அலையில் நீந்தி வந்து ஏறுவதா? லூத்தர் பெரிய மனிதர்தான். ஆனால் இந்த வரியைக் கரையில் உட்கார்ந்துதான் எழுதியிருக்க வேண்டும்.

இனி வருவது கஷ்டமான பகுதி. பைபிளில், அப்போஸ்தலர் 27-இல் பவுலின் கப்பல் உடைகிறது, 276 பேரும் தப்புகிறார்கள், ஒருவர்கூடச் சாகவில்லை. அதில் பிரசங்கம் செய்வது சுலபம். பெண்டில்டனில் அப்படியில்லை. பின்பாதியில் இருந்த 33 பேரில் 32 பேர்தான் பிழைத்தார்கள். ஜார்ஜ் மையர்ஸ் மற்றவர்களை இறக்கிவிட உதவிவிட்டுக் கடைசியாக இறங்கியவர்களில் ஒருவர். தண்ணீரில் விழுந்து, படகுக்கும் கப்பலுக்கும் நடுவே நசுங்கினார். முன்பாதியில் இருந்த கேப்டனும் ஏழு பேரும் அதே இரவு போனார்கள். ‘ஆண்டவர் 32 பேரைக் காப்பாற்றினார்’ என்று மேடையில் சொல்கிறவர் அந்த ஒன்பது பேரைப் பற்றியும் வாய் திறக்கவேண்டும். நல்ல மீட்பு நூல்கள் இந்தக் கணக்கை மறைப்பதில்லை. சாட்சிக் கூட்டங்களில் நான் கேட்டவை பெரும்பாலும் மறைத்துவிடும். எனக்கு எரிச்சல் அங்கேதான்.

வெப்பரின் அப்பா பாஸ்டனில் போதகர். மகனும் போதகராக வேண்டும் என்று ஆசைப்பட்டார், மகன் கடலுக்குப் போய்விட்டார். மீட்புக்குப் பிறகு தங்கப் பதக்கம் வெப்பருக்கு, மற்ற மூவருக்கும் வெள்ளி என்று பேச்சு வந்தது. நால்வருக்கும் ஒன்றே, இல்லையென்றால் எனக்கும் வேண்டாம் என்றார். நால்வருக்கும் தங்கமே கிடைத்தது. அப்பாவின் மேடையில் இதைவிட நல்ல பிரசங்கம் நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

கேட்கப்போகிறவர்கள் மீட்பு நூலை முதலில் கேளுங்கள், லூயிஸ் பிறகு. அந்த மணல்திட்டுப் பகுதியை மட்டும் தயவுசெய்து ஒன்றரை வேகத்தில் ஓட்டாதீர்கள். லூயிஸை ஓட்டலாம், அவர் தாங்குவார்.