தபால் செலவு நீங்களே பார்த்துக்குங்க தோழர்

நேற்று எங்கள் சிறுபதிப்பகத்தின் 14 உறைகளைக் கோணிப்பையில் போட்டு, வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பும்போது மணி பதினொன்று. கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது. திறந்திருந்தால்தான் செய்தி. சரக்கு ரயில் ஒன்று ஊர்ந்து போய் முடிந்தது. பக்கத்து ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு, "இன்னொன்னு வருது தலைவரே, இறங்கி நில்லு" என்றார். தபால் நிலையத்துக்குள் நுழையும்போது பன்னிரண்டு ஆகப் பத்து நிமிடம். எந்தத் தபால் நிலையம் என்று சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை மறுபடி அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா பையை எட்டிப் பார்த்தார். "இன்னா தம்பி, கல்யாணப் பத்திரிகையா?" புத்தகம்மா என்றேன். "ஸ்கூல் புக்கா?" இல்லைம்மா, கதை, கவிதை. ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "சரி, பத்திரமா அனுப்பு" என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

கவுண்டரில், "கியான் போஸ்ட் சார்" என்றேன். "புக் போஸ்ட்டா? அத நிறுத்திட்டாங்களே!"

நிறுத்தியது உண்மை. புத்தகங்களுக்கென்று மலிவாக இருந்த பதிவுத் தபாலை 2024 டிசம்பரில் திடுதிப்பென்று எடுத்துவிட்டார்கள். ஜனவரிப் புத்தகக் காட்சிக்காக நாங்கள் எல்லோரும் அச்சகத்தில் பழியாகக் கிடக்கிற மாதம் அது. கூச்சல் போட்ட பிறகு 2025 மே 1 முதல் கியான் போஸ்ட் வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாக மெதுவாகத்தான் போகும், போகட்டும். ஆனால் கவுண்டரில், "சிஸ்டத்துல காட்டலையே சார், ஸ்பீடு போஸ்ட்ல போட்டுடட்டுமா?"

போனில் எடுத்துக் காட்டினேன். அவர் பக்கத்து மேசையைக் கேட்டார், பக்கத்து மேசை உள்ளே போய்க் கேட்டது. ஒருவழியாகச் சிஸ்டத்தில் வந்தது. அப்புறம் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். பிரித்துக் கொடுத்தேன். பின்னட்டையைத் திருப்பினார். "விலை 220 போட்டிருக்கே. வியாபாரத்துக்கெல்லாம் இதுல அனுப்பக் கூடாது சார்." வியாபாரமா! அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

ஒன்பது புத்தகங்களைப் பேசிப் பேசித் தாண்ட வைத்தேன். மீதி ஐந்தில் எங்கள் காலாண்டிதழ். சீரான கால இடைவெளியில் வரும் இதழ்களுக்குக் கியான் போஸ்ட் கிடையாது, அதுதான் விதி. பத்திரிகைக்கான சலுகைக் கட்டணம் வேண்டுமென்றால் முறைப்படி பதிவு செய்திருக்க வேண்டும். நாங்களோ அட்டையில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டுக் காலம் தள்ளுகிற வம்சம். போன இதழுக்கும் இந்த இதழுக்கும் நடுவே பதினொரு மாதம் ஓடிவிட்டது. இடைவெளியில் ஒழுங்கே இல்லாத இதழ் இது என்று வாதாடியிருக்கலாம், பின்னால் நின்றவர்கள் அடித்திருப்பார்கள். ஐந்தும் ஸ்பீடு போஸ்ட். மதுரைக்குப் போனது வரியோடு எண்பதைத் தாண்டியது. இதழின் நன்கொடை ரூபாய் 100.

அந்தக் கவுண்டர்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பாவம், ஆதார் திருத்தம் ஒரு கை, சேமிப்புக் கணக்கு ஒரு கை. எனக்கு வயிறு எரிவதெல்லாம் அந்த 14 உறைகளில் ஆறின் மேல் எழுதியிருந்த பெயர்களைப் பார்த்துத்தான்.

ஆறும் ஓசி.

"புக் அருமையா வந்திருக்குன்னு கேள்விப்பட்டேன் தோழர், ஒரு பிரதி அனுப்பிவைங்க, எழுதுறேன்." சரி, தபால் செலவு? "அது நீங்களே பார்த்துக்குங்க தோழர்." இப்படிக் கேட்பவர்கள் யாரும் கஞ்சிக்கு இல்லாதவர்கள் கிடையாது. ஒருவர் பென்ஷன் வாங்குகிறார். இன்னொருவர் போன மாதம் எழும்பூரில் ஒரு கூட்டத்தில் சிறுபதிப்பகங்களைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்று நாற்பது நிமிடம் பேசினார். இறங்கி வந்து என் காதருகே கேட்டார்: "பிடிஎஃப் இருந்தா தட்டிவிடுங்களேன்." புத்தக விலையைப் பிரியாணி விலையோடு ஒப்பிடுகிற பழைய பல்லவியை நான் பாட மாட்டேன். பிரியாணிக்கடைக்காரரிடம் யாரும் பிடிஎஃப் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

கணக்கைச் சொல்கிறேன். விலை 220. கடைக்குக் கழிவு 80. எழுத்தாளருக்குப் பத்து சதவீதம், 22. முன்னூறு பிரதி அடித்தால் ஒன்றுக்கு அச்சுச் செலவு 90 வரும். மிச்சம் 28 ரூபாய். ஓசிப் பிரதி ஒன்று கிளம்பினால் அச்சுச் செலவு, தபால், உறை, டேப் எல்லாம் சேர்த்து, விற்ற நாலு பிரதிகளின் மிச்சமும் காலி. புத்தகத்துக்கு ஜிஎஸ்டியே இல்லையே என்பார்கள். காகிதத்துக்கு இருக்கிறதே! 12 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பரில் 18 ஆனது. புத்தகத்துக்கு வரி இல்லாததால் காகிதத்துக்குக் கட்டியதைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. ஆண்டர்சன் தெருவில் போய் ஒரு ரீம் விலை கேட்டுப் பாருங்கள், தெரியும்.

இதையெல்லாம் சொன்னால் உடனே எழுத்தாளர் சி.சு. செல்லப்பாவை இழுப்பார்கள். "அவர் தோள்ல சுமக்கலையா தோழர்?" சுமந்தார். 1959ல் 'எழுத்து' சிற்றிதழைத் தொடங்கியவர், புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். விற்கத்தான் போனார் ஐயா, விற்க! சும்மா கொடுக்கப் போகவில்லை.

வடசென்னையிலிருந்து ஒரு பதிப்பகமா என்று கண்கலங்குகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். என்ன அதிசயம்? ஆறுமுக நாவலர் அச்சுக்கூடம் வைத்து நடத்தியது இதே தங்கசாலையில்தான். தண்டையார்பேட்டையில் வெளியீட்டுக் கூட்டம் போட்டோம், மேடையில் இருந்தவர்களையும் சேர்த்து ஒன்பது பேர். "ரொம்ப தூரம் தோழர், நந்தனம் புத்தகக் காட்சியில பார்ப்போம்." விம்கோ நகரிலிருந்து நந்தனத்துக்கு நேராக மெட்ரோ இருக்கிறது. அதே மெட்ரோ எதிர்ப்பக்கமும் ஓடும் என்பது தென்சென்னைத் தோழர்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இரண்டரை மணிக்கு வீடு திரும்பினேன். வாசலில் ஒரு உறை கிடந்தது. போன மாதம் எழும்பூர்ப் பேச்சாளருக்கு அனுப்பிய ஓசிப் பிரதி, முனை நசுங்கித் திரும்பி வந்திருந்தது. அதைக் கையில் எடுக்கும்போதே போனில் சத்தம். அவர்தான். "தோழர், புக் இன்னும் வரல. மறந்துட்டீங்களா?"

அவர் முன்பு அனுப்பியிருந்த முகவரியைத் தேடி எடுத்து உறையோடு வைத்துப் பார்த்தேன். பின்கோடு அவர் கொடுத்ததே தப்பு.