மரத்தளம்: மூன்று நாள் கணக்கு தவறு

"பலகைப் பெட்டிகளை வீட்டுக்குள் மூன்று நாள் வைத்தால் போதும், பிறகு தைரியமாகத் தளம் போடலாம்" என்ற தகவல் பரவி வருகிறது. இது சரியல்ல.

மரம் நாள் கணக்குப் பார்ப்பதில்லை. சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். அதுவும் நீளத்தில் அல்ல, அகலத்தில். 5 அங்குல அகலமுள்ள செவ்வோக் (red oak) மரப் பலகையின் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால், அகலம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வரை மாறலாம். ஒரு பலகைக்கே இவ்வளவு என்றால், அறை முழுவதற்கும் எண்ணிப் பாருங்கள்!

அதனால் அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். அமெரிக்க தேசிய மரத்தளச் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, தளப் பலகைக்கும் அதற்கு அடியில் இருக்கும் அடித்தள மரத்துக்கும் (subfloor) உள்ள ஈரப்பத வேறுபாடு, 3 அங்குலத்துக்குக் குறைந்த பலகைகளில் 4 சதவீதத்தையும், 3 அங்குலமோ அதற்கு மேலோ அகலமானவற்றில் 2 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. மரத்தின் ஈரப்பதத்தை அளக்கும் ஈரமானி பெரிய செலவில்லை, வாங்கிவிடுங்கள்.

பிளாஸ்டிக் உறை பிரிக்காத பெட்டிக்குள் காற்றே புகாது, அப்படி வைப்பதில் பயனில்லை. சுவர்ப் பூச்சு காயாத வீட்டில் வைப்பது அதைவிட மோசம்: நன்றாக உலர்ந்து வந்த பலகை அங்கே ஈரத்தைக் குடித்து ஊதும், தளம் போட்ட பின் காய்ந்து இடைவெளி விடும். பூச்சு உலர்ந்து, ஏசியோ ஹீட்டரோ வழக்கம்போல் ஓடத் தொடங்கிய பிறகே பலகையை வீட்டுக்குள் எடுங்கள்.