பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள்

நான் பள்ளியில் கடைசி வருடம் படிக்கிறேன். சினிமா என்றால் உயிர். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பெரியவர்கள் எல்லோரிடமும் ஒரே பதில்தான் வருகிறது: "இந்த ஒரு வருடம் மட்டும் பல்லைக் கடித்துக்கொள், பரீட்சை முடிந்ததும் ஆசை தீரப் பார்த்துக்கொள்ளலாம்." அக்கறையோடுதான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் இந்த அறிவுரை தப்பு என்றுதான் நினைக்கிறேன். ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்லிவிடுகிறேன்.

படத்தைத் தள்ளிப்போடலாம், அது எங்கேயும் ஓடிப்போகாது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய படத்தையே இன்றைக்குத் தேடி எடுத்துப் பார்க்க முடிகிறது, இந்த வருடம் வந்த படம் அடுத்த வருடம் கிடைக்காதா என்ன? தள்ளிப்போட முடியாதது, கூட உட்கார்ந்து பார்க்கிற ஆட்களைத்தான். அடுத்த வருடம் இதே நேரத்தில் எங்கள் கூட்டம் ஒரே ஊரில் இருக்காது. ஒருவன் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே போகத் தயாராக இருக்கிறான், ஒருத்தி குடும்பத்தோடு வேறு ஊருக்கே மாறப்போகிறாள், இன்னொருவன் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டியிருக்கும். பரீட்சை முடிந்த பிறகு படம் பார்க்க நேரம் நிறைய இருக்கும், பக்கத்து நாற்காலியில் யார் இருப்பார்கள்?

எங்களுக்கு நேரம் எவ்வளவு குறைவு என்பதும் தெரிந்துதான் பேசுகிறேன். காலையில் சிறப்பு வகுப்பு, அப்புறம் பள்ளி, சாயங்காலம் டியூஷன், வீட்டுக்கு வந்தால் ரெக்கார்டு நோட்டு, வாரக் கடைசியில் மாதிரித் தேர்வு, நடுவில் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிற வேலை, எந்தச் சான்றிதழ் எங்கே வாங்க வேண்டும் என்ற அலைச்சல். இதற்கு நடுவில் நண்பர்களோடு ஒரு சாயங்காலத்தை ஒதுக்குவது லேசான காரியம் இல்லை. ஒருத்திக்குத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும், ஒருவனுக்கு அன்றைக்குத்தான் விளையாட்டுப் பயிற்சி இருக்கும், எல்லோருக்கும் ஒத்துவருகிற ஒரு நாளைப் பிடிப்பதற்குள் குழுவில் நூறு மெசேஜ் ஓடிவிடும். முதலில் நாள் அமைய வேண்டும். அப்புறம் எந்தப் படம் என்ற சண்டை. அந்தச் சண்டைக்கு மட்டும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறோம்: முறை வைத்துக்கொண்டோம். யாருடைய முறையோ அவர்தான் படத்தைத் தேர்ந்தெடுப்பார், மற்றவர்கள் மறுபேச்சு பேசக்கூடாது, பாதியில் எழுந்து போகக்கூடாது, போன் எல்லாம் அறைக்கு வெளியே. பேய்ப் படம் என்றாலே காதைப் பொத்திக்கொள்கிற எனக்கு, பேய்ப் படத்தில் பாதி பயம் சத்தத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்தது இந்த விதியால்தான். கறுப்பு வெள்ளைப் படம் என்றால் தூக்கம் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் இப்போது அவன் முறை வந்தால் கறுப்பு வெள்ளைப் படமாகத்தான் எடுக்கிறான்.

தனியாகப் பார்த்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. தனியாக இருக்கும்போது எனக்கு ஏற்கெனவே பிடித்ததைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன், போனில் படம் காட்டுகிற ஆப்பும் அதே மாதிரி இன்னும் பத்துப் படங்களைக் கொண்டுவந்து கண்முன் வைக்கும்.

தனியாகப் பார்ப்பதற்கும் சேர்ந்து பார்ப்பதற்கும் உள்ள இந்த வித்தியாசம் சினிமா பிறந்த கதையிலேயே இருக்கிறது. எடிசனின் கினெட்டோஸ்கோப் என்று ஒரு பெட்டி இருந்தது. குனிந்து ஒரு துளை வழியாகப் பார்க்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒரே ஆள்தான் பார்க்க முடியும். 1894-ல் நியூயார்க்கில் அந்தப் பெட்டிகளை வரிசையாக வைத்து, காசு வாங்கிக்கொண்டு காட்டினார்கள். படம் அசைந்தது, ஆட்கள் ஆச்சரியப்பட்டார்கள், எல்லாம் சரி. ஆனால் சினிமாவின் பிறந்தநாள் என்று உலகத்தில் பெரும்பாலானவர்கள் சொல்வது அந்த நாளை இல்லை, 1895 டிசம்பர் 28-ஐ. அன்றைக்குப் பாரிஸில் கிராண்ட் கஃபே என்ற இடத்தின் கீழ்த்தளத்தில் லூமியேர் சகோதரர்கள் திரையில் பத்துக் குட்டிப் படங்களைக் காட்டினார்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. முன்பின் தெரியாத ஆட்கள் ஒரே இருட்டில் உட்கார்ந்து ஒரே திரையைப் பார்த்தார்கள். பெட்டிக்கும் திரைக்கும் நடுவில் மாறியது முக்கியமாக இந்த ஒன்றுதான், சேர்ந்து பார்ப்பது. இப்போது போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, துண்டு துண்டாகப் பார்க்கிறோமே, அது திரும்பவும் அந்தத் துளைப் பெட்டிக்குப் போவது மாதிரிதான் எனக்குப் படுகிறது. பெரியவர்கள் உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான். ஆனால் பிள்ளை அறைக்குள் தனியாகப் போனைப் பார்த்தால் வீடு அமைதியாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள், நாலு பேர் சேர்ந்து ஒரு முழுப் படம் பார்க்கிறோம் என்றால்தான் "படிப்பு என்ன ஆவது" என்ற கேள்வி வருகிறது.

படம் முடிந்த பிறகு நடப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிது. எங்கள் கூட்டத்தில் ஒருத்தி கடைசியில் ஓடுகிற பெயர்கள் முழுவதும் முடியும் வரை யாரையும் எழ விடமாட்டாள். முதலில் எல்லோருக்கும் எரிச்சலாக இருந்தது. அப்புறம் அவள் ஒவ்வொரு வேலையாகத் தேடிப் படித்துச் சொல்ல ஆரம்பித்தாள். கேஃபர் என்றால் ஒளிப்பதிவாளருக்குக் கீழே விளக்குகளுக்குப் பொறுப்பானவர். ஃபோலி ஆர்ட்டிஸ்ட் என்றால் காலடிச் சத்தம், துணி உரசும் சத்தம், கதவு சாத்தும் சத்தம் எல்லாவற்றையும் ஒலிப்பதிவு அறையில் படத்தைப் பார்த்துக்கொண்டே உண்டாக்குகிறவர். ஜாக் ஃபோலி என்று ஹாலிவுட்டில் இருந்த ஒருவரின் பெயரே அந்த வேலைக்கு நிலைத்துவிட்டது. கதாநாயகி நடந்துபோகிற காட்சியில் நாம் கேட்கிற காலடி அவளுடையது இல்லாமல், நாற்பது வயது ஆள் ஒருவர் பலகை மேல் செருப்பு மாட்டி நடந்த சத்தமாகக்கூட இருக்கலாம். இது தெரிந்த பிறகு நான் படத்தைப் பார்க்கிற விதமே மாறிப்போனது. அவள் இப்போது ஒலி வடிவமைப்பு படிக்க வேண்டும் என்கிறாள். சினிமா என்றால் நடிப்பு, டைரக்‌ஷன் இரண்டுதான் என்று நினைத்துக்கொண்டிருந்த அவள் வீட்டில் அதைப் புரியவைக்கக் கொஞ்ச காலம் பிடித்தது, ஆனால் புரிந்துகொண்டார்கள்.

அப்புறம் நாங்களே எடுக்க ஆரம்பித்தோம். பெரிதாக எதுவும் இல்லை, போனில்தான். ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் சுமார் நூறு வருடத்துக்கு முன்னால் செய்த ஒரு சோதனையைப் பற்றி ஒருவன் படித்துவிட்டு வந்தான். ஒரு நடிகரின் உணர்ச்சியே இல்லாத முகம். அதை அடுத்து ஒரு தட்டில் சூப், திரும்ப அதே முகம். அடுத்து சவப்பெட்டியில் ஒரு குழந்தை, திரும்ப அதே முகம். அடுத்து ஒரு பெண். பார்த்தவர்கள் பசி, துக்கம், ஆசை என்று அந்த முகம் விதவிதமாக நடித்திருப்பதாக நினைத்தார்களாம், முகம் என்னவோ ஒன்றுதான். இதை நாங்களும் செய்துபார்த்தோம். எங்களில் ரொம்பக் கூச்சப்படுகிறவனைப் பிடித்து ஜன்னல் ஓரமாக நிறுத்தி, "எதையும் யோசிக்காதே, சும்மா பார்" என்று சொல்லிப் பத்து விநாடி எடுத்தோம். அதை ஒரு காலி நாற்காலிக்குப் பக்கத்தில் ஒட்டினோம், அப்புறம் ஒரு மார்க் ஷீட்டுக்குப் பக்கத்தில், அப்புறம் நாய்க்குட்டி ஒன்று தூங்குவதற்குப் பக்கத்தில். வகுப்பில் மற்றவர்களுக்குக் காட்டினால், அந்த நாற்காலியைப் பார்த்து இவன் யாரையோ நினைத்து அழப்போகிறான் என்று ஒருத்தி சத்தியம் செய்கிறாள்! அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. எடிட்டிங் என்றால் வெட்டி ஒட்டுவது என்று புத்தகத்தில் எத்தனை தடவை படித்தாலும் இது கிடைக்காது.

வசனம் வைத்து எடுத்த முதல் குறும்படத்தில் ஒன்றுமே கேட்கவில்லை, மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. அடுத்த தடவை மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க எடுத்தோம், போனை நடிப்பவர் பக்கத்திலேயே மறைத்து வைத்தோம். எடுத்து முடித்ததும் எல்லோரும் மூச்சு விடாமல் நின்று அந்த அறையின் வெறும் சத்தத்தையும் அரை நிமிடம் பதிவு செய்துகொண்டோம், இரண்டு வசனத்துக்கு நடுவில் நிரப்ப அது வேண்டும். யாருக்குக் கோபம் வந்தது, யார் சமாதானம் செய்தது, யார் சொன்ன நேரத்துக்கு வந்தது, யார் கடைசி வரை வேலையை இழுத்துப் போட்டுச் செய்தது என்று நண்பர்களைப் பற்றி நான் அதிகம் தெரிந்துகொண்டதும் அந்த நாட்களில்தான். வகுப்பில் வருடக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்தும் தெரியாதது அது.

பெரிய இயக்குநர்களின் இளவயதைப் படித்தால் நண்பரோ அண்ணனோ ஒருவர் கூடவே இருக்கிறார். பிரான்ஸில் ட்ரூஃபோ பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுத் தியேட்டருக்குப் போனது ராபர்ட் லாஷனே என்ற நண்பனோடு. 1959-ல் அவர் எடுத்த முதல் முழுநீளப் படத்தில் வருகிற அந்த நண்பன் பாத்திரமே லாஷனேயை வைத்து உருவானதுதான். (மட்டம் போடுவதை நான் ஆதரிக்கவில்லை, அம்மா இதைப் படிப்பார்.) ஜப்பானில் குரோசாவாவுக்குத் துணை அவருடைய அண்ணன். மௌனப் படம் ஓடும்போது பக்கத்தில் நின்று கதை சொல்கிற பென்ஷி என்ற வேலையைப் பார்த்தவர் அவர், தம்பிக்கு எந்தப் படம் பார்க்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தவரும் அவர்தான். ஸ்பீல்பெர்க் 17 வயதில், 1964-ல், பள்ளி நண்பர்களை வைத்து இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற ஒரு படத்தை எடுத்துத் தியேட்டரிலேயே காட்டினார். இவர்கள் மாதிரி நாங்களும் ஆகிவிடுவோம் என்று சொல்லவில்லை. எங்களில் பாதிப் பேர் சினிமா பக்கமே போகமாட்டோம், ஒருத்தி கணக்குத்தான் படிக்கப்போகிறாள், ஒருவனுக்கு மருத்துவம். அவர்களுக்கும் இது வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

படிப்பு கெடாதா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். ராத்திரி ஒரு மணி வரை படம் பார்த்தால் நிச்சயம் கெடும். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி சொல்கிறது. இந்த வயதில் தூக்கம் வருகிற நேரமே உடம்பில் பின்னுக்குத் தள்ளிப்போகிறது, காலையில் சீக்கிரம் எழுப்பிவிடுவது பள்ளி, ஆகவே ராத்திரியில் நாம் தின்கிற ஒவ்வொரு மணி நேரமும் தூக்கத்திலிருந்துதான் போகும். அதனால் எங்கள் கூட்டத்தில் ராத்திரிக் காட்சி கிடையாது, சாயங்காலம் ஆரம்பித்துச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிடுவோம். வாரத்தில் ஒரு படம், சில வாரங்களில் அதுவும் இல்லை. தேர்வுக்கு முந்தைய வாரம் என்றால் அதே கூட்டம், அதே அறை, படத்துக்குப் பதிலாக இயற்பியல். ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுக்கொள்வோம். ஒரு காட்சி ஏன் அப்படி முடிந்தது என்று விடாமல் வாதாடிப் பழகியவர்கள் இல்லையா, ஒரு சூத்திரம் ஏன் அப்படி வருகிறது என்பதையும் விடமாட்டார்கள். கணக்குக்காரி எனக்குத் தொகையீட்டைச் சொல்லிக்கொடுத்த மாதிரி யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை.

என் வயதுக்காரர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நேரம் இல்லை என்று படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதை நிறுத்துங்கள். ஒரு நடிகர் பதில் சொல்வதற்கு முன்னால் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் என்பதை முடிவு செய்ய எடிட்டர் எத்தனை தடவை அதைப் போட்டுப் பார்த்திருப்பார்! அந்த மௌனத்தைச் சுருக்கினால் நீங்கள் கதையை மட்டும்தான் தெரிந்துகொள்கிறீர்கள். அதற்கு யாரையாவது கேட்டாலே சொல்லிவிடுவார்கள். நேரம் இல்லையென்றால் மாதத்துக்கு ஒன்று பாருங்கள், போதும், முழுதாகப் பாருங்கள். படம் பார்ப்பதற்கு முன்னால் எத்தனை ஸ்டார் என்று தேடாதீர்கள், பார்த்துவிட்டு நீங்களே பேசுங்கள், பிடிக்கவில்லை என்றால் ஏன் பிடிக்கவில்லை என்று எதிரில் இருப்பவனை ஒத்துக்கொள்ள வையுங்கள்.

பெற்றோர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வாரத்தில் ஒரு சாயங்காலம், முடிந்தால் உங்கள் வீட்டு முன்னறை. நாலைந்து பிள்ளைகள் வந்து சத்தம் போடுவார்கள், படம் முடிந்த பிறகும் உடனே கிளம்பமாட்டார்கள், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றபடியே இன்னும் அரை மணி நேரம் பேசுவார்கள். அந்த அரை மணி நேரத்தில் மட்டும் "போதும், போய்ப் படியுங்கள்" என்று சொல்லாமல் இருங்கள். உங்களுக்கும் நேரம் இருந்தால் வந்து உட்காருங்கள், உங்கள் முறைக்கு ஒரு படத்தை நீங்களும் தேர்ந்தெடுக்கலாம், எங்கள் விதிப்படி யாரும் மறுபேச்சு பேசமாட்டோம்.