கோளாறைக் கண்டுபிடிக்காமல் பில் போடாதீர்கள்

உங்கள் காரைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்கிடம் நீங்கள் நேருக்கு நேர் பேசியது எப்போது? கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டியை விடுகிறவர்களில் பெரும்பாலோர் அவர் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாம். நடுவில் கையில் டேப்லெட்டோடு சர்வீஸ் அட்வைசர். நாம் சொல்வதை அவர் காதில் வாங்கி, தனக்குப் புரிந்த அளவுக்குச் சுருக்கி, உள்ளே அனுப்புகிறார். கோளாறு கண்டுபிடிக்கப்படாமல் போவது அங்கேயே தொடங்கிவிடுகிறது.

என் வண்டிக்கு வந்த கோளாறு எப்போது வரும், எப்போது வராது என்பதில் ஓர் ஒழுங்கு இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். அந்த நேரத்தில் டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னும். காலைத் தளர்த்தினால் மின்னுவது நின்றுவிடும். கோயம்புத்தூருக்குள் ஓட்டும்போது எதுவுமே தெரியாது. இதை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். மெக்கானிக்கிடம் போகும் ஜாப் கார்டில் ஏறியது என்ன தெரியுமா? ‘பிக்கப் குறைவு’. சூடு இல்லை, ஏற்றம் இல்லை, மின்னும் விளக்கு இல்லை. இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் மெக்கானிக் என்ன செய்வார்? சுற்றியிருக்கும் சமதளச் சாலையில் ஒரு வட்டம் ஓட்டிவிட்டு வந்து, வண்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதுவார். அப்படித்தான் எழுதினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடித்தாக வேண்டும் என்று விரட்டப்படும் மனிதர் அவர். நான் சொன்ன சொற்கள் அவரிடம் போய்ச் சேராதபடி அமைத்து வைத்திருக்கிறார்களே, அந்த ஏற்பாட்டின் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

அந்த விளக்கு மின்னியது அற்ப விஷயமும் அல்ல. நிலையாக எரிந்தால் விரைவில் பார்க்க வேண்டும் என்று பொருள். மின்னினால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது, அதாவது மிஸ்ஃபயர் கடுமையாக இருக்கிறது என்று பொருள். எரியாத பெட்ரோல், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அது தாங்காத சூடேறி உள்ளே உருகிப்போகவும் கூடும். கன்வெர்ட்டரின் உட்பூச்சில் இருப்பவை பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். அதை மாற்ற என்ன விலை ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு, “விளக்கு வருவதும் போவதும் சகஜம்தான் சார், தைரியமாக ஓட்டுங்கள்” என்று சொல்லி வண்டியைத் திருப்பித் தந்தார்கள். ஓட்டினால் பாழாகப் போவது யாருடைய கன்வெர்ட்டர்?

மறுபடியும் கொண்டுபோய் விட்டபோதுதான் ஸ்கேனரையே எடுத்தார்கள். அப்போது செய்த காரியத்தை நினைத்தால் இன்னமும் ரத்தம் கொதிக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே, ஸ்கேனரைக் காரின் கணினியோடு இணைக்கப் பதினாறு பின் கொண்ட ஓபிடி சாக்கெட் ஒன்று இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடல்களிலிருந்தும், இந்தியாவில் 2013-லிருந்தும் இன்று நாம் காணும் இந்த ஏற்பாடு கார்களுக்குக் கட்டாயம். கோளாறு பதிவாகும் அந்த நொடியில் இன்ஜின் எத்தனை வேகத்தில் சுழன்றது, எவ்வளவு சுமையில் இருந்தது, கூலன்ட் எவ்வளவு சூடாக இருந்தது, வண்டி எந்த வேகத்தில் போனது என்பதையெல்லாம் காரின் கணினி சேர்த்துப் பதிந்து வைக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பது அதன் பெயர். ஜாப் கார்டில் விடுபட்டுப்போன அத்தனையும் அதற்குள் இருந்தது: சூடு இருந்தது, சுமை இருந்தது. நான் பொய் சொல்லவில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அது. கோளாறைக் குறிக்கும் குறியீட்டு எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, அந்தப் பதிவைப் பார்க்காமலே ஸ்கேனரில் ஒரு பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். விளக்கு அணைந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று வேறு சொன்னார்கள். விளக்கை அணைக்கவா நான் வந்தேன்?

அவர்கள் குறித்துக்கொண்ட எண் பி0303. மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்பதற்கு மேல் அது ஒரு சொல்லும் சொல்வதில்லை. காரணம் ஸ்பார்க் பிளக்காக இருக்கலாம், பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலாக இருக்கலாம், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டராக இருக்கலாம், வயரிங்காக இருக்கலாம், கம்ப்ரெஷன் குறைந்திருக்கலாம். இவற்றில் எது என்று தேடுவதுதான் வேலை, அதற்குத்தான் கூலி. தேடவும் எளிய வழி இருக்கிறது. மூன்றாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி ஒன்றாவதில் மாட்டு, ஒன்றாவதின் காயிலை மூன்றாவதில் மாட்டு, கோளாறு வரும் நிலைமையில் ஓட்டிப் பார். எண் பி0301 என்று மாறினால் காயில் கெட்டிருக்கிறது. பி0303 ஆகவே இருந்தால் காயில் நல்ல காயில், வேறு இடத்தில் தேடு. புதிதாக எதையும் வாங்க வேண்டாம், இடம் மாற்றி மாட்டச் சில நிமிடம் போதும். சாலையோரப் பட்டறையில் தொழில் பழகும் பையனுக்கும் இது தெரியும்.

இதைச் செய்யவில்லை. பிளக்குகளை முழு செட்டாக மாற்றினார்கள். கோளாறு போகவில்லை. காயிலை மாற்றினார்கள். போகவில்லை. இன்ஜெக்டர் கிளீனிங் செய்தார்கள், த்ராட்டில் பாடியைக் கழுவினார்கள், டீகார்பனைசிங் என்று ஒன்றைச் செய்தார்கள். போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் பொருளின் விலை தனி, லேபர் தனி, அதன் மேல் ஜிஎஸ்டி தனி. பணம் கட்டி வாங்கிய எக்ஸ்டெண்டட் வாரண்டியைக் காட்டினால், பிளக் தேய்மானப் பொருள், கிளீனிங் பராமரிப்பு, காயில் பட்டியலில் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்தார்கள். இது போதாதென்று ஏசி டிஸ்இன்ஃபெக்‌ஷன், அண்டர்பாடி கோட்டிங் என்று நான் கேட்காதவை எஸ்டிமேட்டில் முளைத்தன. அட்வைசர்களுக்கு இவற்றை விற்க மாத இலக்கு உண்டு என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்ததுதான். கோளாறைச் சரியாகக் கண்டுபிடித்ததற்கு ஊக்கத்தொகை என்று யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எதற்குப் பணம் தருகிறார்களோ அந்த வேலைதான் அங்கே நடக்கும்.

இது என் ஒருவன் கதையாக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். பி0171 என்று எண் வந்தால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். எங்கோ வெடித்த ஒரு ரப்பர் குழாய் வழியாகக் காற்று உறிஞ்சப்படலாம், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு படிந்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் பலவீனமாகியிருக்கலாம். ஆனால் எஸ்டிமேட்டில் முதலில் ஏறுவது, புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜனை அளந்து இதைச் சொன்ன ஆக்ஸிஜன் சென்சார். சரியாகச் செய்தி சொன்ன பாகத்தையே கழற்றி எறிகிறார்கள். கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 வந்தால் நேராக அதன் விலையைச் சொல்கிறார்கள், புகைக்குழாயில் ஓட்டை இருக்கிறதா என்றுகூடக் குனிந்து பார்ப்பதில்லை.

எல்லாம் மாற்றி முடித்த பிறகும் வண்டி வெட்டியது. உடனே குற்றம் என் மேல் திரும்பியது. எந்த பங்க்கில் பெட்ரோல் போடுகிறீர்கள், மலையில் சரியான கியரில்தான் ஏறுகிறீர்களா என்று கேள்விகள். பெட்ரோல் மோசம் என்றால் மூன்றாவது சிலிண்டர் மட்டும் எப்படிக் கெட்ட பெட்ரோல் குடிக்கும்? மற்ற சிலிண்டர்களுக்கு வேறு டாங்கிலிருந்தா வருகிறது? இந்தக் கேள்விக்கு அட்வைசரிடம் பதில் இல்லை, மேனேஜரிடமும் இல்லை. கடைசியில் இன்ஜினின் கணினியையே மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். “பார்க்கலாம்” என்ற அந்தச் சொல்லை என் காசில் சொல்கிறார்கள். சரியாகாவிட்டால் கணினியைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். எலக்ட்ரிகல் பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மாற்றிய பழைய காயிலைக் கேட்டு வாங்கவே அன்றைக்குப் பெரிய வாக்குவாதம் ஆயிற்று.

காந்திபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். அவர் முதலில் என்னைப் பேசவிட்டார். “சூடானால்தானா? பாரம் இழுக்கும்போது மட்டும்தானா?” என்று இரண்டு கேள்வி கேட்டார். இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கினார். பேனட்டைத் திறந்து, ஒவ்வொரு காயிலுக்கும் போகும் வயரைக் கையால் மெல்ல இழுத்து அசைத்துக்கொண்டே வந்தார். மூன்றாவதன் கனெக்டரில் கை பட்டதும் இன்ஜின் தடுமாறியது. உள்ளே ஒரு பின் அகன்று பிடிமானம் இழந்திருந்தது. வயரிங் கட்டு ஒரு பிராக்கெட்டில் இறுக்கமாக மாட்டியிருந்ததால், ஏற்றத்தில் இன்ஜின் தன் மவுண்ட்டில் திரும்பும்போதெல்லாம் அந்த வயர் இழுபட்டு, தொடர்பு விட்டுவிட்டு அறுந்திருக்கிறது. அதனால்தான் சமதளத்தில் ஒன்றும் தெரியவில்லை. புதிய டெர்மினல் போட்டு, வயருக்குத் தளர்வு கொடுத்துக் கட்டினார். பழைய காயிலையே திரும்ப மாட்டச் சொன்னேன். மாட்டினார். அதே காயிலோடுதான் இன்றைக்கும் மலை ஏறுகிறேன். ஒரு வெட்டு இல்லை, ஒரு மின்னல் இல்லை.

மோட்டாரும் பம்பும் செய்து நாடெங்கும் அனுப்பும் ஊரில், அத்தனை கருவிகளோடு இருக்கும் ஒரு சர்வீஸ் சென்டரில், வயரைக் கையால் அசைத்துப் பார்க்க ஓர் ஆள் கிடைக்கவில்லை.

நடந்ததை அவர்களிடம் சொன்னபோது என்ன பதில் வந்தது தெரியுமா? “வெளியில் கை வைத்துவிட்டீர்களே சார், இனி வாரண்டி செல்லாது.” இப்படி ஒரேயடியாகச் சொல்லி மிரட்டுவது முறையல்ல என்று 2014 ஆகஸ்டிலேயே, சந்தையில் நியாயமான போட்டியைக் காக்கும் இந்தியப் போட்டி ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக அன்று 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தார்கள். நிறுவனங்கள் மேல்முறையீடு, நீதிமன்றம் என்று போனது தனிக்கதை. அந்த உத்தரவு சொன்னது இதுதான்: வெளியில் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்யக்கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் சேதம் வந்தால் அந்தச் சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் வரவேற்பு மேசையில் அதே மிரட்டல் தொடர்கிறது. விவரம் தெரியாத எத்தனை பேர் இதைக் கேட்டுப் பயந்து, கேட்ட பணத்தைக் கட்டிவிட்டு வருகிறார்கள்!

இவ்வளவுக்கும் நடுவில் சர்வீஸ் சென்டர் பையன் ஒருவனிடமிருந்து போன் வருகிறது. “கம்பெனியிலிருந்து கூப்பிடுவார்கள் சார், பத்துக்குப் பத்து கொடுத்துவிடுங்கள், குறைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள்.” அந்தப் பையன் கெஞ்சியது உண்மை என்றே நம்புகிறேன், அதனால்தான் இன்னும் கசக்கிறது. வண்டி சரியாகவில்லை என்ற தகவல் மேலே போகும் ஒரே வழியையும் அவன் சம்பளத்தைப் பணயம் வைத்து அடைத்து வைத்திருக்கிறார்கள். நான் உள்ளதைத்தான் சொன்னேன். அவன் பெயரைச் சொல்லவில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வாடிக்கையாளர் சொன்னதை அவர் சொற்களிலேயே ஜாப் கார்டில் எழுதுங்கள். கோளாறு வரும் சாலையில், மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டவிடுங்கள். கோளாறின் குறியீட்டு எண்ணை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேமோடு அச்செடுத்துக் கையில் கொடுங்கள். சோதித்துப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும், அதற்கு இவ்வளவு கூலி என்று நேர்மையாகக் கேளுங்கள், கொடுக்கிறேன். ஊகித்து மாற்றிய பாகத்தால் கோளாறு தீரவில்லை என்றால் அதைக் கழற்றிக்கொண்டு பணத்தைத் திருப்பித் தாருங்கள்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடு என்று இருப்பது இதற்குத்தான். இந்த வழியில் போக நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது, குறைபாடு நடந்து 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதியலாம். பில்களையும் ஜாப் கார்டு நகல்களையும் தூக்கி எறியாதீர்கள், மாற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். நான் பிளக், காயில், கிளீனிங் மூன்றுக்கும் கட்டிய பணத்தைக் கேட்டுப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பிவிட்டேன். பதினைந்து நாள் அவகாசம் கொடுத்திருக்கிறேன். அதற்குள் பணம் வராவிட்டால் ஆணையத்தில் மனு போடுவேன், அதில் சேர்க்க ‘பிக்கப் குறைவு’ என்று அவர்கள் எழுதிய ஜாப் கார்டும், நான் எழுதிக் கொடுத்த தாளின் நகலும் என்னிடம் இருக்கின்றன.